குழந்தை பேக்கேஜில் வராது

"குழந்தை உட்கார்ந்திருக்கு" என்றார் டாக்டரம்மா, ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி. "தலை மேலே இருக்கு. திரும்பினா நல்லது. திரும்பலன்னா சிசேரியன்தான்."

வாத்தியார் படத்தை உற்றுப் பார்த்தார். டிரைவிங் ஸ்கூலில் பதினோரு வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் அவர். "அப்போ ரிவர்ஸ்ல வருதுங்களா டாக்டர்?"

"இன்னும் வரவே இல்ல. பார்க்கிங்ல இருக்கு."

வாத்தியாரின் மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுப் பிழைப்பவள். எதையும் சுற்றி வளைத்துக் கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. "சிசேரியன்னா எவ்வளவு ஆகும் டாக்டர்?"

டாக்டரம்மா படத்தைக் கீழே வைத்தார். "அதைக் கீழே கேளுங்கம்மா. மறைக்கிறேன்னு நினைக்காதீங்க, நிஜமாவே எனக்குத் தெரியாது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என் பித்தப்பையை இங்கதான் எடுத்தாங்க. இன்னும் பில் வந்துகிட்டிருக்கு."

வேறு இடம் பார்க்கலாமே என்று கேட்பவர்களுக்காக ஒரு விளக்கம். ஊரில் இலவச ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. அதில் புது ஆபரேஷன் தியேட்டர் கட்டி முடித்து வெகுநாளாகிறது. ரிப்பன் வெட்ட வேண்டிய பெரிய மனிதருக்குத் தேதி கிடைக்காததால், இடித்த பழைய தியேட்டருக்கும் திறக்காத புதிய தியேட்டருக்கும் நடுவில் கர்ப்பிணிகள் காத்திருந்தார்கள். ஆகவே வாத்தியார் தம்பதி இந்தத் தனியார் மருத்துவமனையின் கீழ்த்தளத்துக்கு இறங்கினார்கள்.

கீழ்த்தளம் முழுக்கக் கண்ணாடி. நடுவில் ஒரு செயற்கை நீரூற்று. அதன் பக்கத்தில் விசாரணைக் கவுண்டர். அங்கிருந்த இளைஞன் எழுந்து நின்று கைகூப்பி வரவேற்றான்.

"சிசேரியனுக்கு எவ்வளவு ஆகும் தம்பி?"

"ஆபரேஷன் முடிஞ்சிடுச்சா சார்?"

"இன்னும் இல்லப்பா."

"முடிஞ்சதும் வாங்க சார். பைசா சுத்தமா சொல்லிடுவோம்."

"முன்னாடியே தெரிஞ்சாத்தானே பணத்தைத் தயார் பண்ண முடியும்?"

"நியாயம் சார். எவ்வளவு தயார் பண்ணியிருக்கீங்க?"

"எவ்வளவு பண்ணணும்னு தெரியாமத்தான் கேக்கறேன்."

"நீங்க எவ்வளவு வச்சிருக்கீங்கன்னு தெரியாம நாங்க எப்படி சார் எவ்வளவு ஆகும்னு சொல்றது?" என்றான் இளைஞன். அவன் குரலில் கிண்டல் துளியும் இல்லை. பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பிறகு ஒரு சீட்டைக் கொடுத்து, மூன்றாவது மாடியில் 'நிதி ஆறுதல் பிரிவு' என்ற அறைக்குப் போகச் சொன்னான். ஆறுதல் பெறுவதற்குத் தனிக் கட்டணம். அது எவ்வளவு என்று மட்டும் உடனே சொன்னான்.

நிதி ஆறுதல் பிரிவில் மெத்தென்ற சோபா, சூரியன் உதிக்கும் படம், மேஜைமேல் கண் துடைக்கக் காகிதக் கைக்குட்டைகள். ஆலோசகர் ஒரு இளம்பெண். பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையைச் சாய்த்துக்கொள்வார்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நாங்க செலவுங்கற வார்த்தையைப் பயன்படுத்தறதில்ல. அது மனசைக் கஷ்டப்படுத்துது. பயணம்னுதான் சொல்வோம்."

"சரி மேடம். பயணம் எவ்வளவு ஆகும்?" என்றாள் மனைவி.

"மூணு பேக்கேஜ் இருக்கு. மொட்டு, மலர், தோட்டம். தோட்டம் எடுத்தீங்கன்னா ஆபரேஷன் முடிஞ்சு கண்ணைத் திறக்கும்போது வயலின் வாசிப்பாங்க."

"மொட்டுல?"

"மொட்டுல சும்மா கண்ணைத் திறக்கலாம்."

மொட்டின் விலை ஒரு லட்சத்து இருபதாயிரம். வாத்தியாருக்கு மூச்சு திரும்பியது. அவர்கள் கையில் எண்பது இருந்தது. மீதியை எப்படியாவது புரட்டிவிடலாம். "அப்போ ஒண்ணு இருபதோட முடிஞ்சிடும்" என்று எழுந்துகொள்ளப் பார்த்தார்.

"உட்காருங்க சார். அது ஆரம்பிக்கறதுக்கு" என்றார் ஆலோசகர். "தியேட்டர் வாடகை பேக்கேஜ்ல வருது. மயக்க மருந்து வருது. மயக்க மருந்து குடுக்கற டாக்டர் வரமாட்டார், அவர் தனி. ரத்தம் தேவைப்பட்டா தனி. தேவைப்படலன்னா, தேவைப்படலன்னு பார்த்துச் சொன்னதுக்குத் தனி. தையல் வருது. நூல் எத்தனை மீட்டர் போகும்னு உள்ள போனாத்தான் தெரியும்."

மனைவி தன் வயிற்றை ஓரத்திலிருந்து ஓரம்வரை கண்ணால் அளந்து பார்த்தாள்.

"அப்புறம் குழந்தை பேக்கேஜ்ல வராது."



"குழந்தையை எடுக்கத்தானே மேடம் ஆபரேஷன்?" என்றார் வாத்தியார்.

"எடுக்கறது வருது சார். எடுத்ததுக்கப்புறம் அது தனி நோயாளி. தனி ஃபைல், தனிக் கட்டில், தனிப் பயணம்."

"உள்ள இருக்கும்போது?"

"உள்ள இருக்கறவரைக்கும் அம்மா கணக்கு."

"எந்த இடத்துல கணக்கு மாறுது?"

"தொப்புள்கொடி" என்று சொல்லிவிட்டு, ஆலோசகர் கைக்குட்டைப் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார்.

குழந்தைக்கும் ஒரு மதிப்பீடு போட்டுத் தரும்படி மனைவி கேட்டாள். பிறக்காத ஒருவருக்கு மதிப்பீடு போட விதியில்லை, பிறந்தபின் நேரில் வந்து விண்ணப்பிக்கலாம் என்றார் ஆலோசகர்.

வீட்டுக்கு வந்ததும் மூன்று பேரும் சேர்ந்து திட்டம் போட்டார்கள். மூன்றாவது ஆள் வாத்தியாரின் மாமியார். மகளின் பிரசவத்துக்காக வந்திருந்தவர். மனைவி சொன்னாள்: "மொட்டுன்னு சொன்னதை அப்படியே ரெண்டு மடங்கா வச்சுக்குவோம். குழந்தைக்குன்னு அதுக்கு மேல கொஞ்சம். அதுக்குள்ள முடிஞ்சா சந்தோஷம்." அதற்காக அவள் தன்னிடமிருந்த இரண்டு மெஷின்களில் ஒன்றை விற்றாள். வாங்கியவள் தூக்கிக்கொண்டு போகும்போது மனைவி உள்ளே போய்விட்டாள், பார்க்கவில்லை. வாத்தியார் காலையில் வெள்ளெனக் கூடுதலாக இரண்டு பேருக்குப் பாடம் எடுக்க ஒப்புக்கொண்டார். அதில் ஒருவர் ஓய்வுபெற்ற நீதிபதி. எந்த வண்டிக்கும் வழிவிடாதவர்.

மாமியார் செலவைக் குறைக்கத் தனக்குத் தெரிந்த வழியைப் பார்த்தார். சாயந்திரம் மகளின் வயிற்றருகே குனிந்து, "தங்கம், கொஞ்சம் தலையைக் கீழே போட்டுக்கோடா. உங்க அப்பனுக்கு லட்சக்கணக்குல மிச்சமாகும்" என்று பேசிப் பார்த்தார். குழந்தை ஓர் உதை உதைத்தது. திரும்பவில்லை.

இன்சூரன்ஸ் ஒன்று இருந்தது. வாத்தியார் போன் போட்டார். அந்தப் பக்கத்தில் ஒரு கனிவான குரல், அவர் எடுத்திருக்கும் பாலிசியில் திட்டமிட்ட பிரசவத்துக்குப் பணம் வராது, அவசரப் பிரசவத்துக்கு மட்டும்தான் வரும் என்றது.

"அவசரம்னா எப்படிங்க?"

"எதிர்பாராம நடக்கறது சார். ஆனா எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு முன்னாடி எங்களுக்குத் தகவல் குடுத்திருக்கணும்."

"எதிர்பாராம நடக்கப் போறதை எப்படிங்க மூணு நாள் முன்னாடி சொல்றது?"

"நிறைய பேர் சொல்றதில்ல சார். அதனாலதான் நாங்க நஷ்டமில்லாம நடத்த முடியுது" என்றது குரல். பிறகு, வேறு ஏதேனும் உதவி வேண்டுமா என்று கேட்டது.

அந்த வாரம்தான் மருத்துவமனையில் 'வெளிப்படைத்தன்மை நாள்' கொண்டாடினார்கள். செலவு குறித்த சந்தேகங்களை இயக்குநரே நேரில் தீர்த்து வைப்பார் என்று செய்தி வந்திருந்தது. வாத்தியார் தம்பதி நம்பிப் போனார்கள். நீரூற்றுக்குப் பக்கத்தில் மேடை. இயக்குநர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எழுந்தார்.

"எங்க மருத்துவமனையில எதையும் ஒளிக்கறதில்ல. சுவரைப் பாருங்க, கண்ணாடி. கதவைப் பாருங்க, கண்ணாடி. விலைப்பட்டியல் மட்டும் ஏன் வைக்கலன்னு சிலர் கேக்கறாங்க. பட்டியல் வச்சா என்ன ஆகும்? ஜனங்க அதைப் படிப்பாங்க. படிச்சா பயப்படுவாங்க. பயந்தா ரத்த அழுத்தம் ஏறும். நோயாளியோட ஆரோக்கியம்தான் எங்களுக்கு முதல்ல. அதனால அந்தத் தகவலை, அவங்க உடம்பு தேறி, வீட்டுக்குக் கிளம்பற சந்தோஷமான நேரத்துல குடுக்கறோம்."

கைதட்டல் ஓய்ந்ததும் வாத்தியார் கையைத் தூக்கினார். "என் மனைவிக்கு சிசேரியன் சார். மொத்தமா எவ்வளவு ஆகும்?"

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு உயிருக்கு விலை சொல்ல முடியுமா, சொல்லுங்க."

மறுபடியும் கைதட்டல்.

"உயிருக்கு வேணாம் சார்" என்றார் வாத்தியார். "கட்டிலுக்குச் சொல்லுங்க. அப்புறம் அந்த நூலுக்கு."

இயக்குநர் மிகவும் மகிழ்ந்தார். இப்படிப்பட்ட கேள்விகள்தான் நிறுவனத்தை வளர்க்கின்றன என்று சொல்லி, வாத்தியாரை மேடைக்கு அழைத்து, 'விழிப்புள்ள தந்தை' என்று பொறித்த கேடயம் ஒன்றைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். கேள்விக்குப் பதில் வரவில்லை. கேடயத்தின் விலை மட்டும் அன்றைக்கே மனைவியின் கணக்கில் ஏறிவிட்டது. ஆறுதல் கட்டணத்துக்கு அடுத்து, பயணத்தின் இரண்டாவது செலவு அதுதான்.

டாக்டரம்மா ஒரு புதன்கிழமையில் ஆபரேஷன் என்று குறித்திருந்தார். திங்கட்கிழமை காலையில், ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவிக்குப் பனிக்குடம் உடைந்தது. வாத்தியார் ஸ்கூல் காரிலேயே மனைவியையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு பறந்தார். பறந்தார் என்பது மற்றவர்கள் சொல்வது. எல்லாச் சிக்னலிலும் நின்றுதான் போனார்.

கவுண்டரில் அதே இளைஞன் எழுந்து கைகூப்பினான். "நாளை மறுநாள்தானே சார் வரணும்?"

"பனிக்குடம் உடைஞ்சிடுச்சுப்பா."

"புதன்கிழமைக்குத்தான் மொட்டு போட்டிருக்கோம். திங்கள்னா அவசரம். அவசரத்துல மொட்டு கிடையாது. நீங்க வேணும்னா ஆறுதல் பிரிவுல ஒரு வார்த்தை…"

மனைவி நீரூற்றின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது. வாத்தியார் வாழ்க்கையில் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. சுவரில் இடிக்கப்போகிற மாணவனிடம்கூட மெதுவாகத்தான் பேசுவார். இப்போது உயர்த்திவிடலாம் என்று வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து லிஃப்டிலிருந்து இறங்கிய டாக்டரம்மா ஒரே பார்வையில் விஷயத்தைப் புரிந்துகொண்டார். யாரோ உட்கார்ந்திருந்த சக்கர நாற்காலியை, "கொஞ்சம் எந்திரிங்க" என்று வாங்கி, மனைவியை உட்கார வைத்து, தானே தள்ளிக்கொண்டு ஓடினார்.

"மேடம், பேக்கேஜ்" என்றான் இளைஞன்.

"பொட்டலம் எல்லாம் அப்புறம்" என்று லிஃப்டுக்குள் போய்விட்டார்.

பெண் குழந்தை. நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டியபோது, அதுவரை எது தனி, எது சேர்த்தி என்று மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்த வாத்தியாருக்குக் கூட்டல் நின்றுபோனது. குழந்தை ஒரு கண்ணை மட்டும் திறந்து அவரைப் பார்த்தது. "இவளா" என்றார். "அவ எப்படி இருக்கா?" என்று கேட்பதற்கே கொஞ்ச நேரமாயிற்று. நன்றாக இருக்கிறாள், தூங்குகிறாள் என்றாள் நர்ஸ். மாமியார் சுவர் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான்காம் நாள் காலையில் பில் வந்தது. மனைவி எதிர்பார்த்த இரண்டு மடங்குக்குச் சற்றுக் கீழேதான் இருந்தது. கைமாற்று வாங்கியதையும் சேர்த்து அதைக் கட்டினார்கள். பத்து மணிக்கு அவளுடைய டிஸ்சார்ஜ் சீட்டில் முத்திரை விழுந்தது. வாத்தியார் பையைத் தோளில் மாட்டினார். மாமியார் குழந்தையைத் தூக்கப் போனார்.

"பேஷண்டைத் தொடாதீங்க" என்றார் அங்கே வந்த ஆலோசகர், தலையைச் சாய்த்தபடி. "அம்மாவுக்குத்தான் டிஸ்சார்ஜ். குழந்தை தனி நோயாளி இல்லையா? அவங்க முன்மதிப்பீடு வாங்காமலே அட்மிட் ஆயிட்டாங்க. முன்மதிப்பீடு இல்லாம கடைசி பில் போட முடியாது. கடைசி பில் இல்லாம டிஸ்சார்ஜ் பண்ண முடியாது. மதிப்பீட்டுக் குழு அடுத்த வாரம் கூடுது."

"குழந்தைக்கு உடம்புக்கு ஏதாவதா?" என்று பதறினார் மாமியார்.

"சே சே, ரொம்ப ஆரோக்கியமா இருக்காங்க. ஃபைலுக்குத்தான் சரியில்ல."

"அதுவரைக்கும் கட்டில் வாடகை?" என்றாள் மனைவி.

"ஓடிகிட்டிருக்கும் மேடம். நீங்க கவலைப்படாதீங்க. பார்வையாளர் நேரம் சாயந்திரம் நாலுலேர்ந்து ஆறு. தாராளமா வந்து பாருங்க."

மனைவி வயிற்றுத் தையலைக் கையால் தாங்கிக்கொண்டு, குழந்தையின் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். காவலாளி வந்து, பார்வையாளர் நேரம் இல்லை என்று சொல்லிப் பார்த்தார். அவள் அசையாததால், தானும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கால் வலிக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வாத்தியார் மாடிக்கும் கீழ்த்தளத்துக்குமாக நடந்தார். போன இடத்திலெல்லாம் எழுந்து கைகூப்பினார்கள்.

பதினொன்றரைக்குக் குழந்தை அழுதது. மனைவி எடுத்துப் பால் கொடுத்தாள்.

பாதியில் உணவியல் நிபுணர் வந்துவிட்டார். கையில் அட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. ஒவ்வொரு நோயாளியும் என்ன சாப்பிடுகிறார் என்று பார்ப்பது அவர் வேலை. "இந்த பேஷண்டுக்கு யார் சாப்பாடு குடுத்தது?"

"நான்தான். அம்மா."

"நீங்க இங்க அட்மிட் ஆகியிருக்கீங்களா?"

"பத்து மணிக்கு அனுப்பிட்டீங்க."

"அப்போ இது வெளி உணவு" என்றார் நிபுணர். "பத்து மணி வரைக்கும் உள் உணவு, நான் மறுக்கல. இப்போ நீங்க வெளி ஆள். வெளி ஆள் கொண்டு வர்ற எதையும் நோயாளிக்குக் குடுக்கக் கூடாது. சுத்தம், தரம், எதுக்கும் நாங்க உத்தரவாதம் தர முடியாது."

"அப்போ இவ எதைத்தான் சாப்பிடறது?" என்றார் மாமியார்.

"மதியத்துக்குப் போட்டிருக்கு. சாதம், ரசம், ஒரு பொரியல். மெனு எல்லாருக்கும் ஒண்ணுதான், நாங்க பாகுபாடு பார்க்கறதில்ல." நிபுணர் குரலைக் கடுமையாக்கினார். "இந்த விஷயத்துல நாங்க ரொம்பக் கண்டிப்பு. மூணு தடவை மீறினா பேஷண்டை அன்னைக்கே வெளியேத்திடுவோம். அழுதாலும் கெஞ்சினாலும் விடமாட்டோம்."

மனைவி தலையைத் தூக்கினாள். வாத்தியாரும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூணு தடவைங்களா?" என்றாள்.

"மூணே தடவை."

"இதை ஒண்ணுன்னு எழுதிக்கிட்டீங்களா?"

"முதல் தடவைங்கறதால எச்சரிக்கையோட…"

"அப்படியெல்லாம் விட்டுக்குடுக்காதீங்க மேடம். விதின்னா விதிதான். எழுதுங்க."

நிபுணர் எழுதினார். இப்படியொரு ஒத்துழைப்பு இதுவரை அவருக்குக் கிடைத்ததில்லை.

சிக்கல் எங்கே வந்ததென்றால், குழந்தைக்கு வயிறு நிறைந்துவிட்டது. விதிகளை மீறுவதில் நாட்டமில்லாமல் தூங்க ஆரம்பித்தது. மாமியார் உள்ளங்காலைச் சுரண்டினார். வாத்தியார் காதருகே மெதுவாக ஹாரன் மாதிரி சத்தம் கொடுத்துப் பார்த்தார். காவலாளி தன் பேரனுக்கு ஈரத்துணி வைத்தால் எழுந்துகொள்வான் என்றார். ஒன்றும் பலிக்கவில்லை. மதியச் சாப்பாடு வந்தது. அதைக் காவலாளிதான் சாப்பிட்டார். ஒருவழியாக இரண்டு மணி வாக்கில் குழந்தை சிணுங்க, வாத்தியார் ஓடிப்போய் நிபுணரைக் கையோடு அழைத்து வந்தார். இரண்டாவது மீறல் பதிவானது. மூன்றாவது தடவை நான்கரைக்கு. அதற்குள் பக்கத்து வார்டுகளிலிருந்து நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் வாசலில் கூடியிருந்தார்கள். குழந்தை வாய் வைத்ததும் யாரோ கைதட்டினார்கள்.

இயக்குநரே வரவேண்டியதாயிற்று. கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்குப் பேச்சு தானாக வந்தது. "சட்டத்துக்கு முன்னாடி சின்னவங்க பெரியவங்க கிடையாது. இந்த நோயாளிக்கு வயசு நாலு நாள்தான். ஆனா இன்னைக்கு நாம கண்ணை மூடிக்கிட்டா, நாளைக்கு எல்லாக் குழந்தைங்களும் அவங்கவங்க அம்மாகிட்ட சாப்பிட ஆரம்பிச்சிடுவாங்க. அப்புறம் நம்ம பால்பவுடர் கடை என்ன ஆறது? ஒழுங்குன்னு ஒண்ணு வேணும். உடனடியா வெளியேத்துங்க."

ஆலோசகர் அவர் காதருகே வந்தார். "சார், கட்டில் வாடகை, குழந்தை டாக்டர் ஃபீஸ் எல்லாம் நிலுவையில இருக்கு."

இயக்குநர் யோசித்தார். கூட்டத்தைப் பார்த்தார். "வெளியேத்தினவங்ககிட்ட காசு வாங்கினா நாம அவங்களை ஏத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். இந்த மாதிரி ஆளுங்களோட காசு நம்ம நிறுவனத்துக்குத் தேவையில்ல."

வெளியேற்ற ஆணை தட்டச்சாகி வந்தது. காவலாளி, விதிப்படி, குழந்தையை வாசல்வரை கொண்டுபோய் விட்டார். அதாவது அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். டாக்டரம்மா மாடிப்படியில் நின்று கையசைத்தார். கவுண்டர் இளைஞன் எழுந்து கைகூப்பினான்.

காரில் மாமியார் முன்னால் உட்கார்ந்துகொண்டார். மனைவி பின்சீட்டில் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்து, குழந்தையை அதன்மேல் வைத்துக்கொண்டாள். வாத்தியார் வண்டியை எடுத்தார். மருத்துவமனை வாசலில் இருந்த வேகத்தடையில் ஏறி இறங்குவதற்கே ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டார்.

மாமியார் ஆணையைக் கண்ணுக்கு அருகே பிடித்து, எழுத்துக்கூட்டிப் படித்தார். "மேற்படி நோயாளி தொடர் விதிமீறல் காரணமாக வெளியேற்றப்படுகிறார். இனி வாழ்நாள் முழுக்க இந்த மருத்துவமனையில் அவருக்கு அனுமதி கிடையாது." காகிதத்தை மடித்தார். "பாவிங்க. பச்சைக் குழந்தைக்குப் போய் இப்படி எழுதியிருக்காங்களே. நான் கிழிச்சுப் போட்டுடறேன்."

"வேணாம்மா" என்றாள் மனைவி, குழந்தையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "பத்திரமா வைங்க. இவ பெரியவளாகி ஒரு குழந்தை பெத்துக்கறப்போ உதவும்."